வெள்ளிக்கிழமைக் கணவர்

ராணியா,
ஈராக்,
செப்டம்பர் 8

அன்புள்ள த்ரீஃபா அக்கா,

உன் இரண்டு கண்களுக்கும் முத்தம். நலமா? தொண்டை நலமா? கெலாவேஜ் அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? காதிர் மாமா இன்னும் பால்கனியில் நின்று புகைக்கிறாரா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம்.

ஏன் குரல் பதிவு அனுப்புவதில்லை என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் ஒருவருக்கு வரும் குரல் பதிவு எல்லோருக்கும் வந்ததுதான். அப்பா சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்வார், பக்கத்து வீட்டு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கோ நான்கு பேர் முன்னால் பேச்சே வராது. அதனால் மின்னஞ்சலில் கடிதம். பொறுத்துக்கொள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் அதே பள்ளிக்கூடம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், நான் தெருவைக் கடந்து வேலைக்குப் போவதைப் பார்க்கத் தேநீர்க்கடைக்காரரே முதல் நாள் வெளியே வந்து நின்றார். மூன்றாம் வகுப்பு. ஜன்னலைத் திறந்து வைத்தால் அம்மா எந்தப் பாத்திரத்தைக் கழுவுகிறாள் என்று சொல்லிவிடலாம்.

நீ அனுப்பிய உன் நகைச்சுவை மேடை வீடியோவைப் பார்த்தோம். அகதி விசாரணையில் அதிகாரி, "உங்க உயிருக்கு ஆபத்துன்னு யாராவது சாட்சி சொல்வாங்களா?" என்று கேட்க, காதிர் மாமா கோபப்பட்டு, "ஏன் இல்லாம? கொல்ல வந்தவங்களையே கூட்டிட்டு வர்றேன், கேட்டுக்குங்க!" என்கிறாரே, அது. நான் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து முக்காடு நழுவிவிட்டது. பிறகு கேட்டாள்: "இவ்வளவு பேரும் காசு குடுத்தா வந்து உட்கார்ந்திருக்காங்க? ஏன், அவங்க வீட்டுல யாரும் பேச மாட்டாங்களா?"

தங்கச்சி லானா உங்கள் எல்லோர்மேலும் கோபமாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் உங்கள் பக்கம் தேநீர் வரும் நேரமாகப் பார்த்து அம்மா ஃபோனை இவள் பக்கம் திருப்பி, "அத்தைக்கு ஒரு பாட்டுப் பாடு" என்கிறாள். வாராவாரம். பத்து வயதுப் பிள்ளைக்கு எத்தனை பாட்டுத்தான் தெரியும்?

புது நிகழ்ச்சி எழுதுகிறாயாமே, எதைப் பற்றி?

உன் கைகளுக்கும் முத்தம்,
ஷவ்னிம்


மெல்பர்ன்,
செப்டம்பர் 21

என் கண்ணே ஷவ்னிம்,

விசாரித்ததற்கெல்லாம் பதில்: அம்மாவின் முழங்கால் அப்படியே, அப்பாவின் புகை அப்படியே, என் தொண்டை மோசம். நஸ்னாஸ் அத்தையின் கைகளுக்கு என் முத்தம். ரசூல் மாமாவுக்கு வணக்கம். லானாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிறேன். மாலையில் மேடையேறி நான் வாயைத் திறக்கப் பயப்படுகிறேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது ஷவ்னிம். மதுக்கடைகளின் பின்னறைகள், என் பெயரைக் கடித்துத் துப்பும் அறிவிப்பாளர்கள், "உனக்கு இங்கிலீஷ் நல்லா வருதே" என்று பாராட்டும் குடிகாரர்கள். இப்போது ஏப்ரல் நகைச்சுவை விழாவில் எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. சின்ன அறைதான். அதை நடத்துகிற அம்மாள் சொன்னாள்: "அகதி ஜோக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டுக்குள்ள என்னை விடவே மாட்டேங்கிறியே."

விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பிக்கிறேன்:

"எங்க அம்மாவோட தம்பி, எங்க அப்பாவோட தங்கச்சியைக் கட்டினாரு. அதே நாள் எங்க அப்பா எங்க அம்மாவைக் கட்டினாரு. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறது. ரெண்டு காரும் பாலத்துல எதிரெதிரா வந்து நிக்கும், ரெண்டு பொண்ணும் இறங்கி வண்டி மாறுவாங்க. ஒருத்திக்கு நகை போட்டா இன்னொருத்திக்கும் அதே எடையில போடணும். ஒருத்தியைத் திருப்பி அனுப்பினா இன்னொருத்தியும் பெட்டியைத் தூக்கணும். அதனால, மெல்பர்ன்ல எங்க அப்பா கதவை அறைஞ்சு சாத்தினா, ராணியாவுல எங்க அத்தைக்கு வயித்தைக் கலக்கும்!"

உன் அப்பா அம்மா, என் அப்பா அம்மா கதை; இதுவரை உனக்குத் தெரிந்ததுதான். இனி தெரியாதது. அம்மாவும் அப்பாவும் ஆறு வருடமாகச் சேர்ந்து இல்லை. அப்பா இரண்டு தெரு தள்ளி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். அடிதடி இல்லை. அம்மாவுக்குப் போதும் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மட்டும் அப்பா தலைவாரிக்கொண்டு, வீட்டுச் செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார். கேமராவில் விழும் ஆணியில் அவருடைய அகலக் கால்சட்டை ஒன்று நிரந்தரமாகத் தொங்குகிறது. பச்சை சோபாவில் ஜோடியாக உட்கார்ந்து உங்களுடன் பேசிவிட்டு, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். "எங்க அப்பா தன்னோட கல்யாணத்தைப் பார்க்க வாராவாரம் விருந்தாளியா வர்றாரு" என்று நான் சொல்லும்போது கூட்டம் மேஜையைத் தட்டுகிறது. இத்தனை வருடத்தில் யாரும் எனக்காக மேஜையைத் தட்டியதில்லை.

யாரிடமும் சொல்லாதே. ஆனால் நீயும் சிரித்தாய்தானே?

உன்
த்ரீஃபா


ராணியா,
அக்டோபர் 25

அன்புள்ள த்ரீஃபா அக்கா,

உன் கண்களுக்கு முத்தம். எல்லோரும் நலம்தானே? தாமதத்துக்கு மன்னித்துவிடு. உன் கடிதத்தைப் படித்து அழித்தேன். பிறகு குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து மறுபடியும் படித்தேன். மறுபடியும் அழித்தேன்.

சிரித்தாயா என்று கேட்டாய். சிரித்தேன். பிறகு எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன்.

அக்கா, உனக்கு அது பாலத்தில் இரண்டு கார் நின்ற பழைய கதை. எங்கள் பின்தெருவில் சர்கூல் என்று ஒருத்தி இருந்தாள், அவளுடையதும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம்தான். போன குளிர்காலத்தில் அவள் அண்ணன், தன் மனைவியை அவளுடைய அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அன்று மதியமே சர்கூலின் புருஷன் வந்து வாசலில் நின்றான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "கையைக் கழுவிட்டுக் கிளம்பு" என்றான். அவளுக்கும் அவனுக்கும் ஒரு சண்டையும் இல்லை. அவன் அழுதுகொண்டுதான் சொன்னானாம். அவளுடைய மகன் என் வகுப்பில் படிக்கிறான். குழந்தைகள் அப்பா வீட்டில்தான் இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். அந்தப் பையன் மதியச் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே மாட்டான்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. லானாவுக்குப் பத்து வயது.

நீ மேடையில் சொல்ல வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவு மட்டும் செய்ய விடாதே. இது ஒன்றுதான் நான் கேட்பது.

ஷவ்னிம்


மெல்பர்ன்,
அக்டோபர் 26

கண்ணே,

பயப்படாதே. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு மாடி அறை, உள்ளே வரும்போதே ஃபோன்களை அணைக்கச் சொல்வார்கள். சிரிக்கிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். நேற்று ஒருவர் நிகழ்ச்சி முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஈராக்குக்கு நான் போயிருக்கேன், துருக்கியில ரெண்டு வாரம் இருந்தேன்" என்றார். இவரா ரசூல் மாமாவிடம் சொல்லிக்கொடுக்கப்போகிறார்?

அத்தையின் கைகளுக்கு முத்தம். நிம்மதியாகத் தூங்கு.

த்ரீஃபா


ராணியா,
நவம்பர் 12

அன்புள்ள அக்கா,

நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலம். உன் பதிலைப் படித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வகுப்பில் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று தினமும் போர். அம்மா உனக்காக வால்நட் உடைத்துக் காய வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பலாம் என்று. "மேடையில நின்னு கத்துற பொண்ணு, தொண்டைக்கு எண்ணெய்ப் பசை வேணும்" என்கிறாள்.

உன் ஏப்ரல் நல்லபடியாக வரட்டும்.

ஷவ்னிம்


மெல்பர்ன்,
பிப்ரவரி 2

என் கண்ணே ஷவ்னிம்,

எல்லோரும் நலமா? அத்தைக்கு என் முத்தம். இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துவிட்டேன்.

டிவியில் கூப்பிட்டார்கள். நாடு முழுக்கப் பார்க்கும் நிகழ்ச்சி. ஐந்து நிமிடம். அகதி விசாரணையைச் செய்கிறேன் என்றேன். தயாரிப்பாளர், "அதை எல்லா அகதியும் செய்வாங்க. எங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமைக் கணவர்தான் வேணும். இல்லேன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அடுத்த வருடம் என்றால் என்ன அர்த்தம் என்று ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும்.

செய்துவிட்டேன் ஷவ்னிம். போன வியாழக்கிழமை பதிவு. எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஊர் பெயர் இல்லை. பாலத்தை ஆற்றங்கரை ஆக்கிவிட்டேன். சோபாவைக்கூடச் சிவப்பாக்கினேன். ஆங்கிலத்தில்தான், அதுவும் வேகமாக. அடுத்த புதன்கிழமை வருகிறது. ஏப்ரலுக்கு டிக்கெட் இப்போதே பாதி போய்விட்டது. இங்குள்ள நம் ஊர்க்காரர் சங்கத்து ஆண்கள் என்னை நௌரோஸ் புத்தாண்டு மேடைக்குக் கூப்பிடவில்லை. ஆனால் அவர்களுடைய மனைவிமார் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

ஒரு வரி எழுது. திட்டினாலும் சரி.

த்ரீஃபா


ராணியா,
மார்ச் 4

அன்புள்ள த்ரீஃபா அக்கா,

உன் கண்களுக்கு முத்தம். நலமா? அத்தை, மாமா நலமா? நாங்கள் நலம்.

டிவியில் வந்ததற்கு வாழ்த்துகள். நீல உடை உனக்கு நன்றாக இருந்தது.

தாமதமாகிவிட்டது. இப்போதெல்லாம் காலையில் சீக்கிரம் எழுந்து ஷேர் டாக்ஸி பிடித்துப் பள்ளிக்கு வருகிறேன். கணவாயைத் தாண்டும்போது இன்னும் பனி இருக்கிறது. ஓட்டுநர் நல்லவர், பெண்களுக்கு முன்சீட்டைக் கொடுத்துவிடுவார். ஸாபிர் மாமா வீட்டு மாதுளை இன்னும் துளிர்க்கவில்லை. லானா நன்றாகப் படிக்கிறாள் என்று அவளுடைய ஆசிரியை சொன்னார்.

அம்மா நலம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஷவ்னிம்


மெல்பர்ன்,
மார்ச் 9

ஷவ்னிம்,

உன் கடிதத்தை நான் சந்தோஷமாகத்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ வாழ்த்தியிருக்கிறாயே என்று. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் கத்தியை வைத்துவிட்டாள்.

"டாக்ஸியா? அவ ஸ்கூல் வீட்டுக்கு எதிர்லதானே இருக்கு?"

நான் மறுபடியும் படித்தேன்.

"கணவாயைத் தாண்டி எதுக்கு வர்றா? காலாதிஸேல இருக்கற ஸாபிர் வீட்டு மாதுளை இவளுக்கு எப்படித் தெரியுது? லானா படிக்கிறதை டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா?" பிறகு என்னைப் பார்த்தாள். "ரெண்டு வெள்ளிக்கிழமையா நஸ்னாஸ் முகத்தைக் காட்டலை. 'கடைக்குப் போயிருக்கா'ன்னான் ரசூல். நீ என்னடி பண்ணித் தொலைச்ச?"

ஃபோனில் காட்டினேன். ஐந்து நிமிடமும் பார்த்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள் என்றுகூட நினைக்கிறேன். பிறகு முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை எங்கே? தன் அண்ணன் தம்பி வீட்டுக்கு, ஸாபிர் சித்தப்பாவிடம் போய்விட்டாளா? உண்மையைச் சொல்.

த்ரீஃபா


காலாதிஸே,
மார்ச் 24

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிப்பதற்கு மன்னித்துவிடு.

நீ பெயரை மாற்றினாய், சோபாவை மாற்றினாய். முகத்தை மாற்றவில்லையே. உன் முகம் காதிர் மாமாவின் முகம். யாரோ அதை வெட்டி, நம் மொழியில் எழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டே நாளில் ராணியாவில் எல்லார் ஃபோனிலும் இருந்தது. தேநீர்க்கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒருவர், "என்ன ரசூல், உங்க அக்கா வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விருந்தாளி வர்றாராமே? என்ன சமையல்?" என்று கேட்டாராம். அப்பா ஆட்டத்தை முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் ஹாஜி மவ்லூத் வந்தார். அப்பாவின் பெரியப்பா, இரண்டு கல்யாணத்தையும் பேசி முடித்தவர். கோபப்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "நம்ம வீட்டுப் பொண்ணு அங்க ஒத்தையில கிடக்கா. அவங்க வீட்டுப் பொண்ணு இங்க குடும்பம் நடத்துறா. நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். அப்பா தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவிடம், "கொஞ்ச நாள் ஸாபிர் வீட்டுல இருந்துட்டு வா" என்றார். அம்மா சோற்றை வடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். துணைக்கு நான் போகலாம் என்றார்கள். லானா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

காரில் அம்மாவிடம், "எனக்கு முன்னாடியே தெரியும்மா, அக்கா எழுதியிருந்தா" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு உன்னை விட முன்னாடியே தெரியும்" என்றாள். "அஞ்சு வருஷமாத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி தேநீர் கொண்டு வந்தாங்க. அண்ணன் பக்கம் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வெச்சாங்க. பொண்டாட்டி கிண்ணத்தை நகர்த்துவாளா? அவளே போட்டுக் கலக்கியில்ல குடுப்பா? விருந்தாளிக்குத்தானே கிண்ணம்?"

அன்றிலிருந்துதான் அக்கா, தேநீர் வரும்போதெல்லாம் அந்தக் கிண்ணம் அப்பா கண்ணில் படாமல் ஃபோனை லானா பக்கம் திருப்பி, பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறாள்.

நான்கு நாளைக்கு முன் நௌரோஸ் தீ மூட்டினார்கள். யாப்ராக்குக்காக அம்மா திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள், பெரிய பானை நிறைந்த பிறகும்.

ஹாஜி மவ்லூத் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசி முடிக்கப்போகிறாராம். எப்போது என்று தெரியவில்லை. லானாவை நான் இடைவேளையில் அவளுடைய பள்ளி வேலி வழியாகப் பார்க்கிறேன்.

ஷவ்னிம்


மெல்பர்ன்,
ஏப்ரல் 6

ஷவ்னிம்,

உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன் கடிதத்தைச் சமையலறையில் சத்தமாகப் படித்தேன். கால்சட்டை, செருப்பு, சோபா எல்லாம் யோசித்தோம். சர்க்கரையை யாரும் யோசிக்கவில்லை. அப்பா எழுந்து போய்க் கழுவின கோப்பைகளையே மறுபடியும் கழுவினார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா தனியாக உட்கார்ந்து ரசூல் மாமாவை அழைத்தாள். ஆணியில் தொங்கிய கால்சட்டையை எடுத்துவிட்டாள். "டேய் ரசூல், இங்க பாரு. யாரும் என்னைத் திருப்பி அனுப்பலை. நான்தான் அவரைப் போகச் சொன்னேன். வீடு என் பேர்ல. சாவி என் இடுப்புல. என் கணக்கைக் கொண்டுபோய் அவ தலையில எதுக்குடா எழுதுற?" மாமாவின் கண் சிவந்திருந்தது. பிறகு திரை அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

நான் டிவிக்காரர்களிடம் அதை எடுத்துவிடச் சொன்னேன். அவர்கள் எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் வைத்திருப்பதை யார் எடுப்பது?

விழாவில் முதல் நாள். அறை நிறைந்திருந்தது. அந்த இடம் வந்தது. நான் தண்ணீர் குடித்தேன். இன்னும் குடித்தேன். முன்வரிசையில் ஒருத்தி, "அந்த வெள்ளிக்கிழமைக் கதை!" என்று கத்தினாள். "அது என் கதை இல்லை" என்றேன். அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். மீதி நேரம் பல் மருத்துவமனையைப் பற்றிப் பேசி ஓட்டினேன். மறுநாள் விமர்சனத்தில், பாதிக்கு மேல் பேட்டரி தீர்ந்துபோனது என்று எழுதியிருந்தார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நான் கிளம்பி வரட்டுமா? வந்து ஹாஜி காலில் விழட்டுமா?

த்ரீஃபா


மெல்பர்ன்,
ஏப்ரல் 27

ஷவ்னிம், மூன்று வாரம் ஆயிற்று. அம்மா சாப்பிடுவதில்லை. ஒரு வரி போதும். "உயிரோடிருக்கிறோம்" என்றாவது எழுது.

த்ரீஃபா


ராணியா,
மே 11

அன்புள்ள த்ரீஃபா அக்கா,

உன் இரண்டு கண்களுக்கும் முத்தம். நலமா? வேலை நலமா? அத்தை சாப்பிடுகிறாளா? இதைப் படித்துக் காட்டிவிட்டு ஒரு தட்டு சோறு போட்டுக் கொடு.

முடிவது இப்படி முடியுமா, அப்படி முடியுமா என்று தெரியாமல் எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னும் முழுதாகத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஹாஜி மவ்லூத் நான்கு ஆண்களோடு ஸாபிர் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பாவும் வந்திருந்தார், இளைத்துப்போய், சட்டையில் ஒரு பித்தான் இல்லாமல். பெண்கள் நாங்கள் பக்கத்து அறையில், கதவு திறந்திருந்தது. ஹாஜி தொண்டையைச் செருமி ஆரம்பிக்கும்போது அம்மா தேநீர்த் தட்டோடு உள்ளே போனாள். எல்லோருக்கும் வைத்தாள். வைத்துவிட்டு வெளியே வரவில்லை. தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹாஜி, ஒண்ணு கேட்கணும். கல்யாணத்தன்னிக்கு அண்ணிக்குத் தங்க ஒட்டியாணம் போட்டாங்க. எனக்குப் போட்டது எடை குறைஞ்சிருக்குன்னு பாலத்துலயே காரை நிறுத்தினது யாரு?"

"நான்தான்" என்றார் ஹாஜி, கொஞ்சம் பெருமையாகவே. "தராசு கொண்டுவரச் சொல்லி நிறுத்துப் பார்த்துட்டுத்தான் விட்டேன்."

"ஒருத்திக்கு எதைக் குடுத்தாலும் மத்தவளுக்கும் அதே. அதுதானே பேச்சு?"

"அதுதான் பேச்சு."

"சரி. அண்ணிக்கு அங்க தனி வீடு இருக்கு. சாவி அவங்க இடுப்புல இருக்கு. இவர்கிட்டயே அவங்க வாயால சொல்லியாச்சு. என் வீடு எங்க?"

ஸாபிர் மாமாவுக்குத்தான் முதலில் புரை ஏறியது.

"அது வெளிநாடும்மா" என்றார் ஹாஜி.

"வெளிநாட்டுல நடந்ததுக்குத்தானே என்னை இங்க அனுப்பினீங்க? அனுப்புறதுக்கு ஒரே கணக்கு, குடுக்கிறதுக்கு வேற கணக்கா?"

பக்கத்து அறையில் ஒரு கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் எல்லாப் பெண்களும். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு கடைசியாகத்தான் வந்தது. ஹாஜி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைத் தூக்காமல், "கேட்கிறது நியாயம்தானே" என்றார். அவ்வளவு மெதுவாக. முப்பத்தொரு வருடத்தில் அவர் பெரியப்பாவுக்கு எதிராகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று அம்மா பிறகு சொன்னாள்.

இப்போது பள்ளிக்கூடத் தெருவில், தையற்கடைக்கு மேலே இரண்டு அறை. லானா எங்களோடு இருக்கிறாள். அம்மாவின் முதல் நிபந்தனையே அதுதான்: "அண்ணியோட பொண்ணு அண்ணிகூடத்தானே இருந்தா?" என்றாள். ஹாஜி இன்னும், "கோடை முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடுகிறது. ஆனால் சாவி அம்மாவிடம் இருக்கிறது.

நேற்று பள்ளி ஆசிரியைகள் ஒன்பது பேர் முன்னால் நான் இந்தக் கதையைச் சொன்னேன். நான்தான், வாயால். தராசு வரும் இடத்தில் ஒருத்தி என் தோளில் சாய்ந்துவிட்டாள். மேஜையைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதையும் எழுதிவிட வேண்டும்.

இதை மேடையில் சொல்லலாமா என்று நீ கேட்பாய். அம்மாவிடம் கேட்டேன். "சொல்லட்டும். ஆனா மொதல்ல எனக்குச் சொல்லிக் காட்டணும். நான் சிரிச்சாத்தான் மத்தவங்களுக்கு" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். தலைவாரியிருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது, ஆனாலும் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லானா இழுத்து வந்து உட்கார வைத்தாள். அம்மா தேநீர் கொண்டு வந்தாள். கோப்பையை வைத்தாள். சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அப்பா கரண்டியைக் கையில் எடுத்தார். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"நஸ்னாஸ்," என்றார், "எனக்கு எத்தனை கரண்டி?"

"போட்டுக் குடிச்சுப் பாரு" என்றாள் அம்மா.

உன் கைகளுக்கு முத்தம். தொண்டையைப் பார்த்துக்கொள். வால்நட் இன்னும் இருக்கிறது.

ஷவ்னிம்